பச்சையாக இருந்த 43 டெஸ்ட்கள்: ஒரு கண்ட்ரோலர் சோதனைத் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இன்வாய்ஸ் போட்டு அனுப்பும் ஒரு வலைச்செயலி. ரூபி ஆன் ரெயில்ஸ் (சுருக்கமாக ரெயில்ஸ்) என்ற வலைச்செயலிக் கட்டமைப்பின் 6ம் பதிப்பில் எழுதியது. அதைக் கவனித்துக்கொள்ள நாங்கள் ஐந்து பேர். வரி கணக்கிடுவது, தள்ளுபடி கழிப்பது போன்றவை மாடல்களில், அதாவது தரவையும் கணக்கையும் கவனிக்கும் பகுதிகளில், இருந்தன. அவற்றுக்கு ஓரளவு டெஸ்ட் (நிரலைத் தானாக ஓட்டிச் சரிபார்க்கும் சிறு நிரல்; தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு) உண்டு. பயனரின் கோரிக்கையை வாங்கிப் பதில் அனுப்பும் கண்ட்ரோலர்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. "கண்ட்ரோலர் நாலு வரிதானே, அதில் டெஸ்ட் பண்ண என்ன இருக்கு?" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அந்த நம்பிக்கை ஒரு சின்ன விஷயத்தில் உடைந்தது. இன்வாய்ஸ் படிவத்தில் 'உள்குறிப்பு' என்று ஒரு புதிய கட்டம் சேர்த்தோம். டேட்டாபேஸில் அதற்கு இடம் ஒதுக்கினோம், பக்கத்திலும் கட்டம் வந்தது. ஆனால் படிவத்திலிருந்து எந்தெந்தப் புலங்களை உள்ளே விடலாம் என்று கண்ட்ரோலரில் ஒரு அனுமதிப் பட்டியல் இருக்குமே, அதில் சேர்க்க மறந்துவிட்டோம். 2013ல் வந்த ரெயில்ஸ் 4 முதல் இந்தப் பட்டியல் வழக்கத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத புலம் வந்தால் ரெயில்ஸ் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். டெவலப்மென்ட், டெஸ்ட் சூழல்களில் லாகில் (செயலியின் பதிவேட்டில்) ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். பயனர் குறிப்பு எழுதுவார், 'சேமிக்கப்பட்டது' என்று பச்சைப் பட்டை வரும், குறிப்பு மட்டும் இருக்காது. எங்களுக்குத் தெரியவந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மாடல் டெஸ்ட் எதுவும் இதைப் பிடித்திருக்க முடியாது. மாடலில் பிழையே இல்லை. ஆகவே கண்ட்ரோலர்களுக்கும் டெஸ்ட் எழுதுவது என்று முடிவாயிற்று. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைய டெவலப்பர் ஒருவரிடம் இன்வாய்ஸ் கண்ட்ரோலர் ஒப்படைக்கப்பட்டது. டெஸ்ட் எழுதுவது அவருக்குப் புதிது. வழிகாட்டவும் ரிவ்யூ பார்க்கவும் வேண்டியவன் நான்.

முதல் இரண்டு வாரம்

அவர் தானாகவே படித்து எழுதினார். படித்தவற்றில் பெரும்பாலானவை பழைய வழிகாட்டிகள். அவை சொல்லும் பாணி இதுதான்: கண்ட்ரோலரைத் தனியே நிறுத்து, மாடலுக்குப் பதிலாக ஒரு போலிப் பொருளை வை, செயலை அழை, பிறகு மூன்று விஷயம் பார். நிலைக்குறி 200ஆ, அதாவது கோரிக்கை வெற்றியா? சரியான டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவக் கோப்பு) தேர்வாயிற்றா? கண்ட்ரோலர் தன் மாறியில் அந்தப் பொருளை வைத்திருக்கிறதா?

அந்த மாறியை எட்டிப் பார்க்கும் 'அசைன்ஸ்' வசதியை ரெயில்ஸ் 5 வெளியான 2016லேயே மையத்திலிருந்து எடுத்துத் தனி ஜெம்மில் (ரூபி நூலகத் தொகுப்பில்) போட்டுவிட்டார்கள். கண்ட்ரோலரின் உள்வயிற்றைப் பார்க்காதே, வெளியே என்ன வருகிறது என்று பார் என்பதே அதன் காரணம். நாங்கள் டெஸ்ட் எழுதும் கருவியான ஆர்ஸ்பெக்கின் 3.5 பதிப்பு அதே ஆண்டில் வந்தது. அதுவும், கண்ட்ரோலர் ஸ்பெக்கை (கண்ட்ரோலரைத் தனியே சோதிக்கும் டெஸ்ட்டை) விட்டு ரிக்வெஸ்ட் ஸ்பெக் (முழு வழியையும் சோதிக்கும் டெஸ்ட்) எழுதுங்கள் என்றே பரிந்துரைத்தது. எங்கள் டெவலப்பருக்கு 'அசைன்ஸ் இல்லை' என்ற பிழைச்செய்தி வந்தது. அந்த ஜெம்மைத் தேடி நிறுவினார், பிழைச்செய்தி போயிற்று. ஜெம்ஃபைலில் சேர்ந்த அந்த ஒரு வரி ரிவ்யூவில் என் கண்ணிலும் பட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் 43 டெஸ்ட். எல்லாம் பச்சை, ஓடி முடிய நான்கே நொடி. டெஸ்ட்கள் எத்தனை வரிகளை ஓட்டின என்று சொல்லும் கவரேஜ் அறிக்கையில் அந்தக் கண்ட்ரோலர் முழு நூறு காட்டியது. பாராட்டிவிட்டு மெர்ஜ் செய்தேன் (முதன்மை நிரலோடு சேர்த்தேன்).

முதல் அறிகுறி

ஐந்தாவது வாரம், இன்வாய்ஸ் பார்க்கும் பக்கம் திறக்கவில்லை, 500 பிழை (சர்வரிலேயே ஏற்பட்ட கோளாறு). டெம்ப்ளேட்டில் ஒரு மெதடின் பெயரில் எழுத்துப் பிழை. பத்து நிமிடத்தில் திருத்தியாயிற்று. பக்கமே திறக்காதபோது அந்தப் பக்கத்துக்கான ஆறு டெஸ்ட்டும் எப்படிப் பச்சையாக இருந்தன என்பதுதான் கேள்வி.

விடை ஆர்ஸ்பெக்கிலேயே இருந்தது. கண்ட்ரோலர் ஸ்பெக், நாமாகச் சொன்னாலொழிய, டெம்ப்ளேட்டை ஓட்டாது. கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, உள்ளடக்கத்துக்குப் பதிலாக வெறுமையை வைத்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் எதை எழுதியிருந்தாலும் 200தான் வரும். 'ரெண்டர் வியூஸ்' என்ற வரியைத் தொகுப்பின் மேலே சேர்த்தோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். இங்கேயே நின்று மற்ற டெஸ்ட்களையும் சந்தேகித்திருக்க வேண்டும்.

நிகழ்வு

அடுத்த வாரம் ஒரு பயனர் எழுதியிருந்தார். முகவரிப் பட்டையில் இன்வாய்ஸ் எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் மாறிவிட்டதாம். வேறொரு நிறுவனத்தின் இன்வாய்ஸ் திறந்ததாம். "இது எனக்குத் தெரியலாமா?" என்று கேட்டிருந்தார்.

தெரியக்கூடாது. கண்ட்ரோலரில் இருந்த வரி, வந்த எண்ணை வைத்து மொத்த இன்வாய்ஸ் அட்டவணையிலும் தேடியது. லாகின் செய்திருப்பவரின் நிறுவனத்துக்குள் மட்டுமே தேடியிருக்க வேண்டும். பாதுகாப்புத் துறையில் இது மிகப் பழகிய ஓட்டை. வலைச்செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 அபாயப் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடுதான் முதலிடம். 2017ல் அது ஐந்தாவதாக இருந்தது. படித்துத் தலையாட்டிய விஷயம்தான், எங்கள் கோடிலேயே (நிரலிலேயே) உட்கார்ந்திருந்தது.

அரை மணி நேரத்தில் திருத்தம் தயார். டெஸ்ட்களை ஓட்டியபோது எட்டு டெஸ்ட் சிவப்பாயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது. ஓட்டையோடு இருந்த கோடுக்கு 43 டெஸ்ட்டும் பச்சை. ஓட்டையை அடைத்ததும் எட்டு சிவப்பு. டெஸ்ட்களின் தொடக்கத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது: 'இன்வாய்ஸ் கிளாஸிடம் யாராவது எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னால், தேடாதே, இந்தப் போலி இன்வாய்ஸை நீட்டு.' கண்ட்ரோலர் எப்படித் தேடுகிறது என்பதை டெஸ்ட் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது. சரியான கோடு நிறுவனத்தின் வழியாகத் தேடியது, அந்த வழியில் போலி நிற்கவில்லை, உண்மையான டேட்டாபேஸில் அப்படி ஒரு இன்வாய்ஸ் இல்லை, டெஸ்ட் விழுந்தது. தவறான வரி மாறாமல் இருக்கக் காவல் நின்றவை எங்கள் டெஸ்ட்கள்தான்.

யாருடைய இன்வாய்ஸ் என்ற கேள்வியே அந்த 43ல் எங்கும் எழவில்லை. போலி இன்வாய்ஸுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்கவில்லை.

இளைய டெவலப்பர் அன்று வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "டெஸ்ட் பச்சையா இருந்தா சரின்னு நினைச்சேன். சிவப்பாகி ஒரு தடவைகூட நான் பார்த்ததே இல்லை" என்றார். அது அவருடைய குறையாக எனக்குப் படவில்லை. கோடு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் டெஸ்ட் எழுதும்போது அது பிறக்கும்போதே பச்சையாகத்தான் பிறக்கிறது. அதைச் சிவப்பாக்கிப் பார் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

உடனடி நடவடிக்கை

திருத்தம் அன்றே வெளியேறியது. எட்டு டெஸ்ட்டையும், காரணத்தை கமிட் குறிப்பில் எழுதிவிட்டு, நீக்கினோம். லாகைப் புரட்டினோம், எங்களிடம் 30 நாள் லாக்தான் இருந்தது. அந்த 30 நாளில் அந்நிய நிறுவனத்தின் இன்வாய்ஸ் திறக்கப்பட்டது மூன்று முறை, மூன்றும் எழுதிய அந்தப் பயனரிடமிருந்து. பார்க்கப்பட்ட இன்வாய்ஸ்கள் இரண்டு நிறுவனங்களுடையவை. இருவருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழுவில் இரண்டு கருத்து. மூத்தவர் ஒருவர் மீதமுள்ள 35ஐயும் ஒரேயடியாகத் தூக்கிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தாலும், கற்றுக்கொள்பவர் தன் இரண்டு வார உழைப்பு குப்பைக்குப் போவதை மட்டும் பார்த்தால் எதையும் கற்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு பழைய டெஸ்ட்டையும் எடுத்து, அது எதைக் காக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் அதைப் புதிய முறையில் எழுத வேண்டும். முடியாவிட்டால் நீக்கலாம் என்று முடிவு செய்தோம். இம்முறை அவரோடு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

புதிய முறை என்றால் ரிக்வெஸ்ட் டெஸ்ட். உலாவி அனுப்புவதுபோல ஒரு முகவரிக்கு ரிக்வெஸ்ட் போகும். ரூட் (முகவரியைச் செயலோடு இணைக்கும் வழி), செஷன் (யார் லாகின் செய்தார் என்ற நினைவு), கண்ட்ரோலர், டெம்ப்ளேட், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் கடந்து பதில் வரும். டெஸ்ட் கேட்பது இரண்டே: வெளியே என்ன வந்தது, டேட்டாபேஸில் என்ன மாறியது. இதில் செஷனுக்குள் கைவிட்டு 'இவர் லாகின் ஆகிவிட்டார்' என்று நேரடியாக எழுத முடியாது. லாகின் படிவத்தையே அனுப்பித்தான் உள்ளே போக வேண்டும். முதலில் தொல்லையாகத் தெரிந்தது. ஒரு உதவி மெதட் எழுதியதும் பழகிவிட்டது.

போலிப் பொருள்களை முழுக்கத் தடை செய்யவில்லை. கட்டணச் சேவையோடு பேசும் இடத்தில் அவை நின்றன. அந்தச் சேவை எங்கள் கையில் இல்லை, ஒவ்வொரு டெஸ்ட்டிலும் வலை வழியே அதைத் தட்ட முடியாது. பழையவற்றில் ஐந்து டெஸ்ட் அப்படித் தப்பின.

எழுதத் தொடங்குமுன் காகிதத்தில் ஒரு கட்டம் வரைந்தோம். பக்கவாட்டில் ரெயில்ஸின் வழக்கமான ஏழு செயல்கள். மேலே நான்கு ஆட்கள்: லாகின் செய்யாதவர், உரிமையாளர், வேறு நிறுவனத்தவர், நிர்வாகி. மொத்தம் 28 கட்டம். ஒவ்வொன்றிலும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பதினோரு கட்டங்களில் அவருக்குப் பதில் தெரியவில்லை. அவற்றில் நான்கில் எனக்கும் தெரியவில்லை. வேறு நிறுவனத்தவர் கேட்டால் 403 கொடுப்பதா, 404 கொடுப்பதா? 403 என்றால் 'இருக்கிறது, உனக்கில்லை' என்று பொருள். அந்த எண்ணில் ஒரு இன்வாய்ஸ் இருப்பதையே அது சொல்லிவிடுகிறது. 404, அதாவது 'அப்படி எதுவும் இல்லை', என்று வைத்தோம்.

கடைசியாக ஒரு கட்டாய வழக்கம். டெஸ்ட் பச்சையானதும் கண்ட்ரோலருக்குப் போய், அந்த டெஸ்ட் காக்க வேண்டிய வரியை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். டெஸ்ட் சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால் அந்த டெஸ்ட்டை ஏற்கக்கூடாது.

ஒரு டெஸ்ட், கிட்டத்தில்

அந்த வழக்கம் முதல் நாளிலேயே வேலை செய்தது. அவர் எழுதிய டெஸ்ட்: முதல் நிறுவனத்தவராக லாகின் செய், இரண்டாம் நிறுவனத்தின் 500 ரூபாய் இன்வாய்ஸை 1 ரூபாயாக மாற்றச் சொல்லி ரிக்வெஸ்ட் அனுப்பு, தொகை இன்னும் 500தானா என்று பார். பச்சை.

கண்ட்ரோலரில் நிறுவன எல்லையை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். சிவப்பாக வேண்டும். மறுபடியும் பச்சை.

அவர் கோடைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் சொல்லவில்லை. கடைசியில் டேட்டாபேஸைத் திறந்து தொகையைப் பார்த்தார். அங்கே 1 இருந்தது. டெஸ்ட்டின் கையில் இருந்த ஆப்ஜெக்ட் ரிக்வெஸ்ட்டுக்கு முன்பு உருவானது. டேட்டாபேஸில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது, சாகும்வரை 500 என்றே சொல்லும். 'ரீலோட்' என்று ஒரு சொல் சேர்த்ததும் சிவப்பாயிற்று. 'மாறவில்லை' என்று உறுதி செய்யும் டெஸ்ட்டில் இந்தச் சொல் விடுபட்டால் அது எந்தக் காலத்திலும் தோற்காது.

இன்னொன்று 302, வேறு பக்கத்துக்கு அனுப்பும் (ரீடைரக்ட்) நிலைக்குறி. புதிய இன்வாய்ஸ் உருவாக்கும் டெஸ்ட்டில் 'ரீடைரக்ட் ஆயிற்றா' என்று மட்டும் கேட்டிருந்தார். ஆயிற்று, ஆனால் லாகின் பக்கத்துக்கு. லாகின் செய்யும் வரியே டெஸ்ட்டில் விடுபட்டிருந்தது. லாகின் செய்யாதவரை விரட்டுவதும் 302, வேலை முடிந்து புதிய பக்கத்துக்கு அனுப்புவதும் 302. எங்கே போகிறது என்பதையும், இன்வாய்ஸ் எண்ணிக்கை ஒன்று கூடியதா என்பதையும் சேர்த்தோம். இதற்கு நேர் எதிரான கதை 200. படிவத்தில் பிழை இருந்தால் எங்கள் கண்ட்ரோலர் படிவத்தையே மீண்டும் காட்டியது, அதற்கும் 200தான். அதை 422 ('அனுப்பியதை ஏற்க முடியவில்லை') ஆக மாற்றினோம். ரெயில்ஸ் 7ல் புதிதாக உருவாக்கும் கண்ட்ரோலர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது.

404 டெஸ்ட்டில் அரை நாள் போயிற்று. பதில் 404 என்று எதிர்பார்த்தால், 'ரெக்கார்ட் கிடைக்கவில்லை' என்ற எக்ஸப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) டெஸ்ட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. நாங்கள் பயன்படுத்திய பதிப்பின் டெஸ்ட் சூழலில் எக்ஸப்ஷனைப் பிழைப்பக்கமாக மாற்றும் வேலை அணைக்கப்பட்டிருக்கும். பயனர் எக்ஸப்ஷனைப் பார்ப்பதில்லை, 404ஐத்தான் பார்க்கிறார். அதனால் அந்த அமைப்பை மாற்றிவிட்டு 404 என்றே எழுதினோம். 7.1 பதிப்பில் உருவாகும் புதிய செயலிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பின்விளைவு

மூன்று வாரத்தில் 31 ரிக்வெஸ்ட் டெஸ்ட் எழுதப்பட்டது. பழையதில் மிஞ்சிய ஐந்தையும் சேர்த்து 36. நீக்கும் செயலிலும் அதே எல்லை இல்லாத தேடல் இருப்பதைக் கட்டத்தின் ஒரு மூலை காட்டிக்கொடுத்தது. அதை யாரும் பயன்படுத்தியதற்கான தடயம் லாகில் இல்லை.

வேகம் அடிபட்டது. நான்கு நொடியில் முடிந்தது 52 நொடி ஆனது. குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. பார்த்தால், ஒரு இன்வாய்ஸ் கேட்டால் நிறுவனம், வாடிக்கையாளர், பத்துப் பொருள்வரி என்று மொத்தக் குடும்பத்தையும் டேட்டாபேஸில் இறக்கும் ஒரு ஃபேக்டரி (டெஸ்ட்டுக்கான தரவை உருவாக்கும் நிரல்) இருந்தது. பத்தை ஒன்றாக்கியதும் 17 நொடிக்கு வந்தது. அதற்குமேல் குறைக்க நாங்கள் முயலவில்லை.

'உள்குறிப்பு' பிழைக்கும் ஒரு டெஸ்ட் எழுதினோம். கூடவே, அனுமதிப் பட்டியலில் இல்லாத புலம் வந்தால் டெஸ்ட் சூழலில் ஒதுக்காமல் எக்ஸப்ஷன் எழுப்பும்படி அமைப்பை மாற்றினோம். ஒரே வரி. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் 'கெடுதேதி' புலத்தில் அதே மறதியைச் செய்தார். அவருடைய கணினியிலேயே மாட்டியது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

கட்டத்தில் ஏழு செயல்களை எழுதியது தவறு. இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக இறக்கும் எட்டாவது செயல் ஒன்று இருந்தது, வழக்கமான ஏழில் அது இல்லை. அதிலும் அதே ஓட்டை. கட்டம் அதைக் காட்டவில்லை. நான்காவது வாரம் வேறு எதற்கோ ரூட் பட்டியலை ஓட்டியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. பக்கவாட்டு வரிசை நம் ஞாபகத்திலிருந்து வரக்கூடாது, ரூட் பட்டியலிலிருந்து வர வேண்டும்.

முதல் மூன்று டெஸ்ட் முடிந்ததும் ரிவ்யூ பார்த்திருப்பேன். 43 எழுதி முடித்தபின் பார்ப்பவன் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறான். கவரேஜ் எண்ணையும் அந்த வாரமே பேச்சிலிருந்து எடுத்திருப்பேன். வரி ஓடியதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும், ஓடியதில் என்ன வந்தது என்று யாராவது கேட்டார்களா என்பது தெரியாது.

லாகை இப்போது 180 நாள் வைத்திருக்கிறோம்.

இன்னும் மூடாத இடங்களும் உண்டு. அந்நியத் தளத்திலிருந்து வரும் போலிப் படிவங்களைத் தடுக்கும் டோக்கன் சரிபார்ப்பு, டெஸ்ட் சூழலில் ரெயில்ஸ் தானாகவே அணைத்து வைத்திருப்பது. எங்கள் 36ல் ஒன்றுகூட அதைத் தொடுவதில்லை. ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ்களை ஒரே கோப்பில் ஏற்றும் இம்போர்ட் கண்ட்ரோலருக்கு இன்றுவரை டெஸ்ட் இல்லை. அதன் ஒரே செயல் 140 வரி. டெஸ்ட் எழுதுவதற்கு முன் அதிலுள்ள கணக்கை வெளியே எடுக்க வேண்டும், டெஸ்ட் இல்லாமல் அதை எடுக்கப் பயமாக இருக்கிறது. அந்த இளைய டெவலப்பர் அதற்கும் ஒரு கட்டம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார். இம்முறை ரூட் பட்டியலிலிருந்து. பாதிக் கட்டங்களில் கேள்விக்குறிதான் இருக்கிறது.